முப்பனைத்தீவுப் பல்லிக்குப் பேர் வைத்த கதை

ஸ்பிரிட் பாட்டிலுக்குள் போட்டு மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு, அந்தச் செத்த பல்லி சொன்னது.

அப்போது பிரகாசியின் வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி பிரகாசி, அரிவாள்மணையை வைத்துக்கொண்டு விளமீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். மற்றவள் கமலவேணி, மதுரைப் பக்கத்துக்காரி, பல்லிகளை எண்ணி, அளந்து, இனம் பிரிக்கிற படிப்புப் படித்தவள். ஒரு மாதமாக அந்த வீட்டிலேயே தங்கியிருந்தாள். நோட்டும் பேனாவுமாகக் கரையிலிருந்து எந்தப் பெண் வந்து இறங்கினாலும் முப்பனைத்தீவுக்கு அவள் டீச்சர்தான், ஆகவே இவளும் டீச்சர். டீச்சர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, நோட்டில் எழுதியதைத் தனக்குத்தானே சத்தமாக வாசித்தாள். "பின்னங்கால் நாலாவது விரலுக்கு அடியில ஏழு தகடு. கரைப் பல்லிக்குப் பத்து. அப்ப இது உலகத்துல வேற எங்கேயும் இல்லாத இனம்."

"ச்சு, ச்சு, ச்சு" என்றது பாட்டில்.

பிரகாசி தலையைக்கூடத் தூக்கவில்லை. மீன் கையோடு ஆள்காட்டி விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டினாள். அந்தத் தீவில் அப்படித்தான். ஒருவர் பேசும்போது பல்லி சொன்னால் அந்தப் பேச்சு சத்தியம். சத்தியத்தைக் கேட்டவர் மூன்று தட்டுத் தட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தட்டு பல்லிக்கு. இரண்டாவது, சொன்னவருக்கு. மூன்றாவது, அந்தச் சொல் யாரைப் பற்றியதோ அவருக்கு. தட்டாமல் விட்டால் சொல் அந்தரத்திலேயே நிற்கும் என்பார்கள், யார் அதை வாங்குவது?

"பல்லியே சொல்லிட்டுல்லா டீச்சர், பெறவு என்ன யோசன, எழுதுங்க" என்றாள் பிரகாசி.

கமலவேணி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். காலில் நூலால் கட்டிய சீட்டோடு, வாய் பாதி திறந்தபடி, வயிறு வெளுத்துப் பல்லி அப்படியேதான் கிடந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள், மூடினாள். நோட்டைப் புரட்டினாள். நீளத்துக்குப் பத்தி இருந்தது, வாலுக்கு இருந்தது, தகட்டுக்கும் துடையோரத் துளைக்கும் நிறத்துக்கும் இருந்தது. செத்த பிறகு சொன்னதா என்பதற்குப் பத்தி இல்லை. எனவே அவள் அதை எழுதவில்லை.

பிரகாசி மட்டும் மீனைக் கழுவி எழுந்தபோது பாட்டிலை ஒரு பார்வை பார்த்தாள், நல்ல பார்வை இல்லை. பதினோரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த ஒரு வார்த்தை அவளிடம் இருந்தது. உயிரோடு இருக்கிற பல்லி நேரங்கெட்ட நேரத்தில் சொல்லும், தப்பாகவும் சொல்லும், கழித்துப் போடலாம். இது அப்படியில்லை என்று அவளுக்கு முதல் சொல்லிலேயே பட்டுவிட்டது.

தீவுக்குப் பல்லி எதற்கு வேண்டியிருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கதை தலைகீழாக நிற்கும். பேர்தான் முப்பனை, அங்கே பனை முந்நூறுக்கு மேல். வீடு முப்பத்தொன்று. மாதா கோயில் ஒன்று, ஐஸ் கொட்டகை ஒன்று, உப்பு ஏறாத கிணறு ஒன்று. அதற்கு முந்தின வருஷம் ஒரு கம்பெனி, பேர் நமக்கு வேண்டாம், தீவின் அடிக்கல்லை அறுத்துச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோகக் கேட்டது. அதற்காக யாரோ எழுதிக் கொடுத்த அறிக்கையில், இத்தீவில் குறிப்பிடத்தக்க உயிர் ஏதும் இல்லை என்று ஒரு வரி. உபதேசியார் இஞ்ஞாசி, சாமியார் மாதத்துக்கு ஒருமுறை கரையிலிருந்து வருகிற தீவில் மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுப்பவர், அந்த வரியைக் கோயில் வாசலில் நின்று வாசித்தார். பிறகு சந்தியாகு, நண்டு வலைக்காரர், கேட்டார்: "உயிர் ஏதும் இல்லன்னா, அப்ப நாம என்னவே, கருவாடா?"

சிரித்தார்கள், பிறகு சிலர் அழுதார்கள்.

கமலவேணி வந்து அதை விளக்கினாள். மனுஷரை வேறு இடத்தில் குடிவைத்துவிடலாம் என்று காகிதம் நினைக்கும். இங்கே மட்டுமே இருக்கிற பல்லியை வேறு இடத்தில் குடிவைக்க முடியாது. ஆனால் பேர் இல்லாததைக் காகிதம் காப்பாற்றாது. பேர் வைக்க வேண்டுமென்றால் ஒரு பல்லியைக் கொன்று, ஸ்பிரிட்டில் போட்டு, சீட்டுக் கட்டி, கரையில் ஒரு காட்சிசாலையில் என்றென்றைக்குமாக வைக்க வேண்டும். அதற்கு மூலமாதிரி என்று பேர். நாளைக்கு எவன் வந்து இது அந்தப் பல்லி இல்லை என்றாலும் அதைக் காட்டலாம்.

"பல்லியிலயுமா சாதி பாக்கீய டீச்சர்?" என்று கேலி பண்ணிய சந்தியாகுவும் அதைக் கேட்டு அடங்கிவிட்டார். "எத்தன கொல்லணும்?" என்று கேட்டாள் பிரகாசி. "ஒண்ணு போதும் அக்கா. மத்ததுக்கெல்லாம் வால்நுனி மட்டும், அது முளைச்சிரும். இந்த ஒண்ணு போனா மீதி அத்தனைக்கும் காவல்." உபதேசியார் மெதுவாகத் தலையை ஆட்டினார். "நம்ம வேதத்துலயும் அப்பிடித்தான்" என்றார்.

தன் வீட்டு மாதா சுரூபத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லியைத் துண்டால் அமுக்கிப் பிடித்தது பிரகாசிதான். அது அவள் கைக்குள் ஒருமுறை வாயைத் திறந்து மூடியது. அதன் கால் சீட்டில் தீவின் பேர், தேதி, பிடித்தவர் பிரகாசி என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தபோது அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, கொலைக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

சரி. பாட்டில் சொல்கிறது என்ற சேதி அன்று மதியத்துக்குள் முப்பத்தொரு வீட்டுக்கும் போய்விட்டது, யாரும் வாயைப் பிளக்கவில்லை. பல்லி என்றால் சொல்லும், செத்தால் என்ன, சாவுக்கும் சத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். உபதேசியாருக்கு ஒரே ஒரு விசாரம்தான்: பாட்டிலை மாதாவுக்குச் சமமான உயரத்தில் வைக்கக் கூடாது. ஒரு சாண் கீழே பலகை அடித்து வைத்தார்கள். மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள், வந்து பாட்டிலுக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்வதும், சொல்லிவிட்டுக் காது கொடுப்பதும், சொன்னால் தட்டுவதும், சொல்லாவிட்டால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவதுமாக, கோழி யாருடையது என்பதிலிருந்து வலையை அறுத்தது யார் என்பது வரைக்கும் அந்தப் பலகைக்கு முன்னாலேயே முடிந்தது. சந்தியாகு முப்பது வருஷமாக வாயில் வராத ஒன்றை, "ஒங் கொழம்பு ருசியாத்தான் இருக்கு" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிவைக்க, பாட்டில் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆனால் சத்தியத்தோடு எந்நேரமும் குடித்தனம் பண்ண முடியுமா? பத்து நாளில் தீவில் பேச்சே குறைந்துபோனது. பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிறவளும் பாட்டிலுக்கு எட்டாத தூரமாகப் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் ஊர் கூடி முடிவெடுத்தார்கள்: ஐஸ் கொட்டகைக்குப் பின்பக்கம் பொய் சொல்லிக்கொள்ளலாம், அங்கே சொன்னதை யாரும் பலகைக்கு முன்னால் கொண்டுவரக் கூடாது. திருவிழா மூன்று நாளும் பாட்டிலைத் துண்டு போட்டு மூடிவிடுவது, கிழவர்கள் தாங்கள் பிடித்த சுறாவின் நீளத்தைச் சொல்ல வேண்டுமே.

கம்பெனி ஆள் ஒருவரும் வந்தார், பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி. பிரகாசி வீட்டில்தான் உட்காரவைத்தார்கள், பலகைக்கு நேர் கீழே. "உங்கள ஒருத்தரையும் இங்கிருந்து அசைக்க மாட்டோம்" என்றார். பாட்டில் பேசவில்லை. "வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை உண்டு" என்றார். பேசவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார், ச்சு ச்சு ச்சு என்றது. அறைக்குள்ளும் வாசலிலும் இருந்த தீவுக்காரர் அத்தனை பேரும் மூன்று தட்டுத் தட்டினார்கள். மனுஷர் மிரண்டுபோனார். பிரகாசி அவருக்கு இலை போட்டு, குழம்பு மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள்.

அந்தக் கம்பெனி மறு வருஷமே போய்விட்டது. தீவு இருக்கிறது, பல்லி இருக்கிறது, அதிலெல்லாம் கேட்கிறவர்களுக்குச் சந்தேகமே வேண்டாம். இந்தக் கதையில் தொங்கிக்கொண்டு நின்றது வேறொன்று.

பிரகாசியின் புருஷன் கயத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம் நண்டு வலை எடுக்கப் போனவர். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் தானாக மிதந்து தெற்குப் பார்ப் பாறைத்திட்டில் வந்து அணைந்தது. எஞ்சின் கெடவில்லை, வலை கிழியவில்லை. காலையில் பிரகாசி கட்டிக்கொடுத்த சோறு தூக்குச்சட்டியில் திறக்காமலே இருந்தது. ஆள் இல்லை. உடம்பு கிடைக்காதவருக்குத் தீவில் ஒரு முறை உண்டு: அவர் சட்டையைப் பெட்டியில் வைத்துப் புதைத்துச் சிலுவை நடுவார்கள். ஆனால் அதற்கு முன்னால் செத்துவிட்டார் என்ற வார்த்தையை முதலில் அவர் பெண்சாதிதான் சொல்ல வேண்டும். அவள் சொல்லும்வரை பெற்ற தாயும் சொல்லக் கூடாது, கூடப்பிறந்தவளும் சொல்லக் கூடாது, சாமியாரும் சொல்லக் கூடாது. பதினோரு வருஷமாகப் பிரகாசி சொல்லவில்லை.

அவளுக்கு அதில் பிடிவாதம் என்று ஊர் நினைத்தது. பிடிவாதம் இல்லை, பயம். சொல்கிற நிமிஷத்தில்தான் அவர் சாவார், தன் வாயாலேயே சாவார் என்று அவள் பயந்தாள். யாராவது கேட்டால் "அவிய கடலுக்குப் போயிருக்காவ" என்பாள். போனது உண்மைதானே.

இதில் மனசு ஆறாமல் திரிந்தவள் மெற்றில்டா, கயத்தானின் தங்கச்சி. பிரகாசிமேல் உயிரையே வைத்திருந்தவள், ஆனாலும் அண்ணன் அண்ணன்தானே. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு உபதேசியார் தீவின் செத்தவர்கள் பேரையெல்லாம் வரிசையாக வாசிப்பார், ஒவ்வொரு பேருக்கும் அந்தந்த வீட்டார் மெழுகுதிரி ஏற்றுவார்கள். மெற்றில்டா வருஷா வருஷம் ஒரு திரியைக் கொண்டுபோய், ஏற்றாமல் திருப்பிக் கொண்டுவருவாள்.

கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் பாட்டிலிருந்த அறைக்குள் வந்து நின்றாள். "மைனி, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன். இது கரைக்குப் போறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிப் பாத்துருங்க. எங்கண்ணன் பேரு உயிரோட இருக்கவிய பட்டியல்லயும் இல்ல, செத்தவிய பட்டியல்லயும் இல்ல. எங்க போயி நிக்கும் அது?"

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். உபதேசியார் வந்துவிட்டார். பிரகாசி எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள், சேலையில் கையைத் துடைத்தாள், பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவிய மறைஞ்சிட்டாவ" என்றாள்.

பாட்டில் சொன்னது. பிரகாசி முதலில் தட்டினாள், பிறகு அறை முழுக்க மூன்று மூன்றாகத் தட்டுச் சத்தம். மெற்றில்டா "எங்கண்ணே" என்று மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள், சந்தியாகு மண்வெட்டி எடுக்கப் போனார், யாரோ மணி அடிக்க ஓடினார்கள். அரைமணி நேரம் கழித்து மெற்றில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியில் வைக்க அண்ணனின் சட்டையைக் கேட்டாள்.

"சட்ட எதுக்கு?" என்றாள் பிரகாசி.

"என்ன மைனி கேக்கீய, நீங்கதானே சொன்னீய?"

"மறைஞ்சிட்டாவன்னுதான் சொன்னேன். கண்ணுக்கு மறைஞ்சிருக்காவ. பொழுதுந்தான் மறையுது, மறுநா வருதுல்லா."

உபதேசியார் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறைந்த அருளப்பன், மறைந்த ரோசம்மாள் என்று வருஷந்தோறும் வாசிக்கிறவர் அவர்தான், அந்தச் சொல்லுக்குள் இப்படி ஒரு கொல்லைவாசல் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. "பாட்டில் தப்பில்ல" என்றார் கடைசியில். "சொல்லு செஞ்ச வேல."

"செத்த பல்லியவே ஏமாத்திட்டீயளே மைனி" என்று சொல்லிவிட்டு மெற்றில்டா வெளியே போனாள். அன்றிலிருந்து அவள் பிரகாசி வீட்டுப் படி ஏறவில்லை. வெட்டிய குழியைச் சந்தியாகு தானே தள்ளி மூடினார்.

கமலவேணிக்கு வேலை முடிந்துகொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பல்லிகளை எண்ணியிருந்தாள். பனையில் இருப்பது எத்தனை, கல் இடுக்கில் எத்தனை, சுவரில் எத்தனை என்று பிரித்திருந்தாள். மாவட்ட ஆபீசில் கம்பெனிக்காரரை உட்காரவைத்துக் கூட்டம் போடுவதற்கு முன்னால் கட்டுரை போய்ச் சேர வேண்டும், கட்டுரைக்குப் பேர் வேண்டும்.

"உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கேன் அக்கா" என்றாள், கறி நறுக்கிக்கொடுத்துக்கொண்டே.

"நல்லாருக்கே கத! எம் பேர வச்சா நாளைக்கு ஊரே என்னயப் பல்லின்னு கூப்பிடும்" என்றாள் பிரகாசி. கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானாகவே தொடங்கினாள். "இது நம்ம பல்லி, கரைப் பல்லி இல்லன்னு மொதல்ல சொன்னது அவியதான், டீச்சர். கல்யாணமான புதுசு. பொகையில டப்பாவுல ஒண்ண அடச்சுக் கரைக்குக் கொண்டுபோயி, மீன் எறக்குற எடத்துல இருக்க டீக்கட சொவத்துல விட்டுப் பாத்துருக்காவ. நிக்கலயாம். கால் ஒட்டாம விழுந்து விழுந்து ஏறுதாம். சிமென்ட்டு வழவழப்பு அதுக்குத் தோதுப்படல. பெறவு பாவம்னு திருப்பிக் கொண்டாந்து நம்ம கல்லுச் சொவத்துல விட்டாவ, சர்ருன்னு ஓடிட்டு. 'நம்ம பல்லிக்கு நம்ம சொவருதான்டி' அப்பிடின்னாவ. நான் சிரிச்சேன்."

கமலவேணியின் கையில் கத்தி அப்படியே நின்றது. ஏழு தகடு. முப்பது நாள் பூதக்கண்ணாடி வைத்து அவள் கண்டதை, ஒரு மனுஷர் புகையிலை டப்பாவை வைத்துக் கண்டிருக்கிறார்.

"அப்ப இந்தப் பேர் அண்ணனோடதுதான் அக்கா. என்ன பேர் அவருக்கு?"

புருஷன் பேரைப் பிரகாசி வாயால் சொல்வாளா? "ஆகஸ்ட் ஏழாந்தேதி வார சாமி பேரு" என்றாள். டீச்சர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த கோயில் காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். "கயத்தான்" என்று வாசித்தாள். பிரகாசி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள், புதுப்பெண் சிரிப்பது போல. லத்தீன் முறையில் ஆண்பிள்ளை பேரை வைத்தால் கடைசியில் இகரம் சேர்ப்பார்கள், கயத்தானி என்று வரும் என்று டீச்சர் சொன்னாள். சரி என்று பிரகாசி தலையாட்டினாள். அவருக்கு ஒரு பட்டியல் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

கிளம்புகிற நாள் வந்தது. பாட்டிலை வழியனுப்ப ஊரே வாசலில் நின்றது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, பகல் பன்னிரண்டுக்குள் வள்ளத்தை விட வேண்டும் என்று சந்தியாகு வள்ளத்திலிருந்து சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே கமலவேணி பாட்டிலைப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் இறக்காமல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒரு சிக்கல் இருக்கு. யாரு பேரை வைக்கிறோமோ அவரைப் பத்தி ஒரு வரி எழுதணும். தமிழ்ல மறைந்த கயத்தான்னு எழுதி வச்சிருந்தேன். ஆனா கட்டுரை இங்கிலீஷ்ல போகணும். அங்க இந்தச் சொல் இல்ல. செத்தவர்னு ஒரு சொல் இருக்கு, காணாமப் போனவர்னு ஒரு சொல் இருக்கு. ரெண்டுக்கும் பொதுவா நிக்கிற சொல் இல்ல."

"நல்லாத் தேடிப் பாருங்க டீச்சர்."

"மூணு நாளாத் தேடுறேன்."

பிரகாசி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப காணாமப் போனவருன்னே எழுதுங்க."

கமலவேணி எழுதினாள். எழுதியதை வாசித்துக் காட்டினாள். "இந்தப் பல்லியை முதலில் அறிந்தவர், கடலில் காணாமல் போன கயத்தான்." பலகையிலிருந்து ச்சு ச்சு ச்சு. பிரகாசி குனிந்து மூன்று தட்டினாள். "அவர் திரும்பி வருவார் என்று அவர் மனைவி நம்புகிறார்."

பாட்டில் பேசவில்லை.

வாசலில் இருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"கடேசி வரிய இன்னொரு தடவ வாசிங்க" என்றாள் பிரகாசி.

"அவர் திரும்பி வருவார் என்று அவர் மனைவி நம்புகிறார்."

பல்லி வாய் பாதி திறந்தபடி கிடந்தது. அசைவில்லை. பிரகாசி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கயத்தான் வருவாரா மாட்டாரா என்று அந்த வரி கேட்கவே இல்லை, அவளைத்தான் கேட்டது. எப்போதிலிருந்து நம்பவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்தாம் வருஷமா, ஏழாம் வருஷமா? தூக்குச்சட்டியைக் கழுவி ஆணியில் மாட்டிய அன்றைக்கேவா? அத்தனை நாளும் அவள் அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றி வைத்திருந்தது வெறும் வாயைத்தான். பதினோரு வருஷம் அவரை ஒரு இடத்திலும் உட்காரவிடாமல் கடல்மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று நினைத்தாள்.

"ஏட்டி மெற்றில்டா" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உள்ள வா."

மெற்றில்டா வந்தாள். படியில் தயங்கி, பிறகு ஏறி, சுவரோரமாக நின்றாள்.

பிரகாசி பலகைக்கு முன்னால் போனாள். இந்தத் தடவை கையைத் துடைக்கவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை, மூன்றாம் தடவை வந்தது.

"எம் புருசன் செத்துட்டாவ."

ச்சு, ச்சு, ச்சு.

ஒருவரும் அழவில்லை. ஒருவரும் தட்டவும் இல்லை. இந்தச் சொல்லைப் பெண்சாதி முதலில் தட்டி வாங்க வேண்டும், பிறகுதான் ஊர் வாங்கலாம். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் விரலை மடக்கித் தரைக்கு மேலே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிரகாசி மெல்ல உட்கார்ந்தாள். கை மடியில் கிடந்தது. யார் யார் சத்தியத்துக்கெல்லாமோ அந்த ஒன்றரை மாதமாகத் தட்டிய கை, அவளுடைய கையே இல்லை என்பது போலக் கிடந்தது. தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. "என்னால ஆகல" என்று மெற்றில்டாவைப் பார்த்துச் சொன்னாள், சின்னப் பிள்ளை சொல்வது போல. மெற்றில்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கமலவேணி நோட்டை மூடிவைத்தாள். வந்த நாளிலிருந்து ஒருநாளும் தரையில் தட்டாதவள், தட்டுவதற்கு நோட்டில் பத்தி இல்லாதவள், பிரகாசிக்குப் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலை மடக்கினாள். ஒரு தட்டு, பல்லிக்கு. இன்னொரு தட்டு, சொன்னவளுக்கு. அத்தோடு அவள் கை நின்றது.

"இன்னும் ஒண்ணு இருக்குல்லா டீச்சர்" என்றாள் பிரகாசி.

"அது நான் தட்டுறது இல்ல அக்கா."

வள்ளத்தில் சந்தியாகு எஞ்சினை இழுத்து, பிறகு என்ன நினைத்தாரோ, நிறுத்திவிட்டார். பிரகாசி கையை மடியிலிருந்து எடுத்தாள். அது ரொம்ப நேரம் தரைக்கு மேலேயே நின்றது. பிறகு தட்டினாள், ஒரே தட்டு, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கதவைத் தட்டுவது போல மெதுவாக. வாசலிலும் தெருவிலும் இருந்தவர்களின் விரல்கள் அதன் பிறகுதான் மண்ணில் இறங்கின.

அவள் எழுந்து போய்க் கொடியிலிருந்த நீலச் சட்டையை எடுத்து மெற்றில்டா கையில் கொடுத்தாள். அப்புறம் திரும்பி, "இப்ப எழுதுங்க டீச்சர்" என்றாள். "செத்தவருன்னு எழுதிட்டு, அவிய பேர மட்டும் சரியா எழுதுங்க. கயத்தான்."